கணிப்பான் நிரலும் அத்தானின் கடைப் பில்லும்

கணினி நிரலாக்கம் படிக்கத் தொடங்கும் எந்தப் பிள்ளையும் முதல் சில வாரங்களுக்குள் ஒரு கணிப்பானை எழுதிவிடும். இரண்டு எண்களை வாங்கி, கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் ஆகிய நான்கில் ஒன்றைச் செய்து விடையைத் திரையில் காட்டும் சின்ன நிரல் அது. ஆசிரியர்கள் அதை ஒப்படையாகக் கொடுப்பதும், மாணவர்கள் அரை மணித்தியாலத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு மறந்துவிடுவதும் வழமை. இந்தப் பயிற்சிக்கு இதைவிடக் கூடிய மரியாதை கிடைக்க வேண்டும் என்பது என் கருத்து. கணக்குச் செய்யும் வரிகள் அதில் நான்கே நான்குதான். அந்த நான்கும் கணினிக்கு ஏற்கெனவே தெரிந்தவை. மிச்ச வரிகள் எல்லாம் நிபந்தனைகளும், ஒரே வேலையைத் திரும்பச் செய்யவைக்கும் சுற்றுகளும். அவற்றை எந்த இடத்தில் வைப்பது என்று தீர்மானிக்க வேண்டுமென்றால், அந்தக் கணிப்பானைப் பாவிக்கப்போகும் ஆள் யார், அவருக்கு என்ன அவசரம் என்று யோசிக்க வேண்டியிருக்கிறது.

யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலில் இருக்கும் என் அக்காவின் மகள் உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பத்தை ஒரு பாடமாக எடுத்திருக்கிறாள். சாதாரணதரத்தில் பஸ்கால் மொழியில் நிரல் எழுதப் பழகியவள், இப்போது பைதனுக்கு வந்திருக்கிறாள். மொழி மாறினாலும் பாடநூல் சொல்லும் அடிப்படை மாறவில்லை: கட்டளைகளை ஒன்றன்பின் ஒன்றாகச் செய்வது, நிபந்தனை பார்த்து ஒரு வழியைத் தெரிவது, ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்வது. கணிக்கக்கூடிய எதையும் இந்த மூன்றை மட்டும் வைத்தே எழுதிவிடலாம் என்று கொராடோ பூம், ஜூசெப்பே யாக்கோபினி என்ற இரு இத்தாலியர்கள் 1966 இல் வெளிவந்த ஆய்வுக் கட்டுரையில் நிறுவினார்கள். கணிப்பான் ஒப்படை இந்த மூன்றையும் ஒரே பக்கத்தில் கேட்கிறது என்பதால்தான் உலகம் முழுவதும் ஆசிரியர்கள் அதை விடாமல் கொடுத்துவருகிறார்கள் என்று நினைக்கிறேன்.

பைதனின் மூன்றாம் பதிப்பு மாறிகளுக்கு, அதாவது மதிப்புகளைப் போட்டுவைக்கும் இடங்களுக்கு, தமிழ் எழுத்திலேயே பெயர் வைக்க இடம் தருகிறது. ஆகவே மருமகள் தன் மாறிகளுக்கு மொத்தம், எண், குறி என்று பெயர் வைத்திருந்தாள். இஃப் (எனில்), வைல் (வரை) போன்ற கட்டளைச் சொற்கள் மட்டும் ஆங்கிலத்தில் இருந்தன. அவற்றையும் தமிழில் எழுத விரும்புகிறவர்களுக்கு முத்து அண்ணாமலை பைதனை அடித்தளமாக வைத்து உருவாக்கிய எழில் என்ற நிரல்மொழி இருக்கிறது. பரீட்சைக்குப் பைதன்தான் வேண்டும் என்பதால் நாங்கள் அந்தப் பக்கம் போகவில்லை.

அவள் எழுதிய முதற் பிரதியில், 7 ஐயும் 5 ஐயும் கொடுத்துக் கூட்டச் சொன்னபோது 75 என்று விடை வந்தது. பைதனைப் பழகிய எல்லோரும் ஒருமுறையாவது பார்த்த விடைதான் இது. விசைப்பலகையில் தட்டுவதை இன்புட் கட்டளை எழுத்துச் சரமாகவே, அதாவது வெறும் எழுத்துகளின் வரிசையாகவே, வாங்கிக்கொள்ளும்; இரண்டு சரங்களைக் கூட்டினால் அவை பக்கத்துப் பக்கத்தில் ஒட்டிக்கொள்ளும். சரத்தை எண்ணாக மாற்றும் கட்டளையைச் சேர்த்ததும் 12 வந்தது. அதில் தங்கி நிற்பதற்கு ஒன்றுமில்லை.

அடுத்து வந்ததுதான் சுவையான வழு. 12 என்று சரியான விடையைக் காட்டிய நிரல், அதற்குக் கீழேயே "பிழையான குறி" என்றும் அச்சிட்டது. கழித்தலுக்கும் பெருக்கலுக்கும் அப்படியே. வகுத்தலுக்கு மட்டும் ஒழுங்காக நடந்துகொண்டது. அவள் எழுதியிருந்ததை, படிகளைச் சாதாரண மொழியில் எழுதும் பாடநூலின் போலிக்குறி முறையில் தந்தால் இப்படி இருக்கும்:

குறி "+" எனில், விடை = அ + ஆ
குறி "-" எனில், விடை = அ - ஆ
குறி "*" எனில், விடை = அ * ஆ
குறி "/" எனில், விடை = அ / ஆ
இல்லையேல், "பிழையான குறி" என அச்சிடு

வாசிக்கும் மனிதருக்கு இதில் குறையேதும் தெரியாது, ஏனென்றால் கடைசி வரியில் உள்ள "இல்லையேல்" மேலே உள்ள நான்கையும் சேர்த்தே சொல்கிறது என்று நாம் எடுத்துக்கொள்கிறோம். கணினியோ அதை நேர்மேலே நிற்கும் வகுத்தல் நிபந்தனையோடு மட்டும் சோடி சேர்க்கிறது. குறி கூட்டலாக இருந்தால் முதல் வரி வேலை செய்கிறது. பிறகு மற்ற மூன்று நிபந்தனைகளும் தனித்தனியாகப் பரிசோதிக்கப்படுகின்றன. நாலாவது பொய்யாகிறது, எனவே "இல்லையேல்" பகுதி ஓடுகிறது. இரண்டாம், மூன்றாம், நாலாம் வரிகளில் இஃப் என்பதை எலிஃப் (இல்லையேல், இது எனில்) ஆக்கினால் நான்கும் ஒரே சங்கிலியாகி, ஒன்று பொருந்தியதும் மற்றவை பார்க்கப்படாமல் விடப்படும். நான் விடையைச் சொல்லாமல், ஒவ்வொரு குறியையும் கொடுத்து என்ன வருகிறது என்று கொப்பியில் எழுதிப் பார்க்கும்படி சொன்னேன். வகுத்தல் மட்டும் ஏன் தப்புகிறது என்பதிலிருந்து அவளாகவே காரணத்தைப் பிடித்துவிட்டாள்.

பூச்சியத்தால் வகுப்பதைத் தடுக்கும் நிபந்தனையும் இடம் பார்த்து வைக்க வேண்டியதே. இரண்டாவது எண் உள்ளே வந்தவுடனேயே அது பூச்சியமா என்று பார்த்துத் திருப்பி அனுப்புகிறவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் 5 உடன் 0 ஐக் கூட்டுவதற்கும் அனுமதி கிடைக்காமல் போய்விடும். பூச்சியம் வகுத்தலுக்கு மட்டும்தான் ஆகாது. ஆகையால் அந்தப் பரிசோதனை வகுத்தல் கிளைக்கு உள்ளே, ஒரு படி உள்தள்ளி, நிபந்தனைக்குள் நிபந்தனையாக உட்கார வேண்டும்.

இனிச் சுற்று. லூப் என்று வகுப்பில் சொல்வதைத்தான் சொல்கிறேன். ஒவ்வொரு கணக்கு முடிந்ததும் "இன்னும் தொடர்வதா? ஆம் அல்லது இல்லை" என்று கேட்டு, ஆம் என்றால் மறுபடி சுற்றும் வடிவம் பாடநூல் வழக்கம். மருமகளும் அப்படித்தான் எழுதியிருந்தாள். திருநெல்வேலிச் சந்தைக்குக் கிட்ட மளிகைக் கடை வைத்திருக்கும் அத்தான், இரவு கடையைப் பூட்டிவிட்டு வந்தவர், மகளுக்குப் பின்னால் நின்று கொஞ்ச நேரம் பார்த்தார்.

"பிள்ளை, இதிலை என்ரை கடைப் பில் ஒண்டு போடலாமோ?"

"ஓமப்பா, போடலாம்."

"ஒவ்வொரு சாமானுக்கும் ஓம் ஓம் எண்டு அடிச்சுக்கொண்டிருந்தா ஆக்கள் பக்கத்துக் கடைக்குப் போயிடுவினம்."

அவர் சொன்னதில் இரண்டு குறைகள் அடங்கியிருந்தன. ஒன்று, நிறுத்தும் விதம். பல தடவை சுற்றப்போகிற ஒன்றில், தொடர்வதற்கு ஒவ்வொரு முறையும் அனுமதி கேட்பது தலைகீழான ஏற்பாடு. தொடர்வது இயல்பாக நடக்க வேண்டும். நிறுத்துவதற்குத்தான் ஒரு சைகை வேண்டும். எண் எதுவும் தட்டாமல் வெறுமனே என்டர் விசையை அழுத்தினால் சுற்றிலிருந்து வெளியேறுவது என்று மாற்றினோம். நிபந்தனையே இல்லாத முடிவிலாச் சுற்று ஒன்றைத் திறந்து, உள்ளே ஓரிடத்தில் சுற்றை முறிக்கும் பிரேக் கட்டளையை வைத்துவிடுவது சில ஆசிரியர்களுக்குப் பிடிக்காது. எனக்கு அதில் ஆட்சேபனை இல்லை. மேசையில் இருக்கும் உண்மையான கணிப்பான் உள்ளுக்குள் செய்துகொண்டிருப்பதும் அதுதான்: எந்த விசை அழுத்தப்பட்டிருக்கிறது என்று மின்சாரம் இருக்கும் வரைக்கும் ஓயாமல் பார்த்துக்கொண்டே இருப்பது. 1971 இல் சந்தைக்கு வந்த இன்டெல் 4004 என்ற நுண்செயலி, பிசிகொம் என்ற ஜப்பானிய நிறுவனம் தன் மேசைக் கணிப்பானுக்காகக் கேட்டதிலிருந்து பிறந்தது. இன்றைய கணினிகளின் வம்சம் ஒரு கணிப்பானின் முடிவிலாச் சுற்றிலிருந்துதான் தொடங்குகிறது என்று சொன்னாலும் பெரிய பிழையில்லை.

இரண்டாவது குறை பெரியது. அவளுடைய நிரல் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு புதிய எண்களைக் கேட்டது. முந்திய விடை கைவிடப்பட்டது. கடைக்காரருக்கு வேண்டியதோ வளர்ந்துகொண்டே போகும் ஒரு மொத்தம். அதற்கு மொத்தம் என்ற மாறி சுற்றுக்கு முன்பே பூச்சியமாகத் தொடங்கி, சுற்று முடிந்த பின்னும் உயிரோடிருக்க வேண்டும். "மொத்தம் = 0" என்ற அந்த ஒரு வரியைச் சுற்றுக்கு உள்ளே எழுதினால் ஒவ்வொரு தடவையும் மொத்தம் அழிக்கப்பட்டு, கடைசிச் சாமானின் விலை மட்டுமே மிஞ்சும். பைதனில் சுற்றுக்கு உள்ளே இருக்கும் வரியை அதன் தொடக்கத்தில் விடும் வெற்றிடத்தால் காட்டுவதால், இந்த வித்தியாசம் நான்கு வெற்றிடங்களின் அகலம்தான். பிழைச்செய்தி எதுவும் வராது. நிரல் அமைதியாக ஓடி, பிழையான காசைச் சொல்லும். ஓடாமல் நின்றுவிடும் நிரலைவிட இதற்குத்தான் பயப்பட வேண்டும்.

மொத்தம் சேரத் தொடங்கியதும் உள்ளீட்டின் பொறுப்புக் கூடியது. நிறையச் சாமான்களைச் சேர்த்த பிறகு விரல் தவறி ஓர் எழுத்துப் பட்டு, நிரல் அறுந்து விழுந்தால் அத்தனையும் போய்விடும். எனவே எண்ணை வாங்கும் இடத்தில், சரியான எண் வரும்வரை கேட்டுக்கொண்டே இருக்கும் இன்னொரு சிறிய சுற்று வேண்டியிருந்தது. சுற்றுக்குள் சுற்று வந்தவுடன் பிரேக் எதை முறிக்கிறது என்ற குழப்பமும் கூடவே வரும். அது தன்னைச் சூழ்ந்திருக்கும் மிக உள்ளான சுற்றை மட்டுமே முறிக்கும். வெளிச்சுற்று தொடர்ந்து ஓடும். உள்ளே வாங்கப்பட்டது வெறுமையா என்பதை வெளியே வந்து மறுபடி பார்த்து, இரண்டாவது பிரேக்கால்தான் முழுவதையும் நிறுத்த முடியும்.

எது சரியான எண் என்பதும் நினைத்த அளவுக்கு எளிதாக இருக்கவில்லை. அத்தான் ஆயிரத்து ஐந்நூறை 1,500 என்று காற்புள்ளியுடன் தட்டுவார். எண்ணாக மாற்றும் கட்டளை அதை எண் என்று ஏற்காது. காற்புள்ளிகளை முதலில் நீக்கிவிட்டு மாற்றினோம். வேடிக்கையாக மருமகள் தமிழ் இலக்கத்தில் ௧௨ என்று தட்டிப் பார்த்தாள். நிரல் ஒரு சொல்லும் சொல்லாமல் அதைப் பன்னிரண்டாக எடுத்துக்கொண்டது! பூச்சியம் முதல் ஒன்பது வரையான இலக்கங்களை, உலக மொழிகளின் எழுத்துகளுக்கான பொதுக் குறியீடான யுனிகோட் எந்த எழுத்துமுறையில் வைத்திருந்தாலும் பைதன் அவற்றை எண்ணாக வாசிக்கும். ஆனால் பழைய முறையில் பத்துக்குரிய தனிக்குறியைப் போட்டு ௰௨ என்று எழுதினால் பிழை என்கிறது, ஏனென்றால் அந்தக் குறி இடமதிப்பு முறைக்குள் அடங்கும் இலக்கமாகக் கொள்ளப்படுவதில்லை.

இவ்வளவும் ஆன பிறகுதான் உண்மையான பில் ஒன்றைப் போட்டுப் பார்த்தோம். வெங்காயம் கிலோ 420 ரூபாய்க்கு 3 கிலோவும், சீனி கிலோ 260 ரூபாய்க்கு 2 கிலோவும் என்று வைத்துக்கொள்வோம். 1,260 உம் 520 உம் சேர்ந்து 1,780 வர வேண்டும். நிரல் 328,120 என்றது. எண்ணும் குறியும் வந்த ஒழுங்கிலேயே அது கணக்குச் செய்கிறது: மூன்றை 420 ஆல் பெருக்கி, அதோடு இரண்டைக் கூட்டி, வந்த 1,262 ஐ 260 ஆல் பெருக்கிவிட்டது. மருமகள் தன் நிரலில் வழு என்று நினைத்தாள். அத்தான் சிரித்துக்கொண்டு கடையிலிருந்து கொண்டுவந்த கணிப்பானை நீட்டினார். அதே விசைகளை அதே ஒழுங்கில் அழுத்தினால் அதிலும் 328,120 தான். சாதாரணக் கடைக் கணிப்பான்கள் அப்படித்தான் அமைக்கப்பட்டிருக்கின்றன. 2 + 3 × 4 என்று அழுத்தினால் 20 என்னும். விஞ்ஞானக் கணிப்பான் பெருக்கலுக்கு முன்னுரிமை கொடுத்து 14 என்னும். இரண்டும் தத்தம் விதிப்படி சரி.

அப்படியென்றால் அத்தான் இத்தனை வருடமாக எப்படிப் பில் போடுகிறார்? எம் பிளஸ் என்ற விசையால். மூன்றை 420 ஆல் பெருக்கி எம் பிளஸ் அழுத்துகிறார். பெருக்குத்தொகை நினைவகத்துக்குப் போய்ச் சேர்கிறது. இரண்டை 260 ஆல் பெருக்கி மறுபடி எம் பிளஸ். கடைசியில் எம் ஆர் விசை 1,780 ஐக் காட்டுகிறது. ஒருவர் கையால் செய்யும் இந்தக் காரியத்தை நிரலுக்குச் சொல்லிக்கொடுக்க ஒரே ஒரு மாறி கூடுதலாக இருந்தால் போதும். மொத்தம் என்பதோடு நடப்பு என்று ஒன்றை வைத்தோம். முதலில் வரும் எண் நடப்பில் போய் உட்காரும். குறி பெருக்கலோ வகுத்தலோ எனில், வரும் எண்ணால் நடப்பை மட்டும் பெருக்கு அல்லது வகு. கூட்டல் எனில், நடப்பை மொத்தத்தில் சேர்த்துவிட்டு, வரும் எண்ணைப் புதிய நடப்பாக வை. கழித்தல் எனில், அதையே செய்து புதிய நடப்புக்கு முன்னால் மறைக் குறியை (-) போடு. வெறும் என்டர் வந்தால், எஞ்சியிருக்கும் நடப்பையும் மொத்தத்தில் சேர்த்து நிறுத்து. எங்கள் பில்லில் நடப்பு 3 இலிருந்து 1,260 ஆகிறது. கூட்டல் குறி வந்ததும் அந்த 1,260 மொத்தத்துக்குப் போக, நடப்பு 2 ஆகிறது. பிறகு 520 ஆகிறது. முடிவில் இரண்டும் சேர்ந்து 1,780. ஒரு சுற்று, நான்கைந்து கிளைகள், இரண்டு மாறிகள். பெருக்கலுக்கு முன்னுரிமை என்ற கணித விதி முழுவதும் அதற்குள் வந்துவிடுகிறது. இந்தப் பயிற்சியில் எனக்கு மிகப் பிடித்த இடம் இது. அடைப்புக்குறிகளையும் சேர்க்க வேண்டுமென்றால் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1961 இல் விவரித்த, குறிகளை அடுக்கில் காத்திருக்க வைக்கும் முறைக்குப் போக வேண்டும். கடைப் பில்லில் அடைப்புக்குறி வருவதில்லை.

எண்களும் குறிகளும் சேர்ந்த முழுக் கோவையையும் ஒரே கட்டளையிடம் கொடுத்து விடை வாங்கும் வசதியும் பைதனில் உண்டு, இவால் என்பார்கள். தட்டப்படுவது எதுவானாலும் அதை நிரலாகவே ஓட்டிவிடும் என்பதால், பிறர் கை படும் இடத்தில் அதை வைப்பது ஆபத்து. ஒப்படையில் வைத்தால் படிக்க வேண்டியது எதுவும் மிஞ்சாது.

தசமங்கள் ஒரு தொல்லையை வைத்திருந்தன. 0.1 ஐயும் 0.2 ஐயும் கூட்டினால் பைதன் 0.30000000000000004 என்று காட்டும். 1985 இல் நியமமாக்கப்பட்ட ஐஇஇஇ 754 என்ற முறைப்படி தசம எண்கள் 0, 1 என்ற இரண்டு இலக்கங்களே உள்ள இரும வடிவில் சேமிக்கப்படுகின்றன. பத்தில் ஒன்றை இருமத்தில் முடிவுள்ள இலக்கங்களால் எழுத முடியாது. விடையில் வரும் அந்த வால் சிரிப்புக்குரியதாகத் தோன்றலாம், ஆனால் அது ஒரு சுற்றின் நிபந்தனைக்குள் போனால் நிலைமை வேறு. மொத்தம் 1 க்குச் சமமில்லாத வரைக்கும் 0.1 ஐச் சேர்த்துக்கொண்டிரு என்று எழுதினால், பத்தாவது தடவையில் மொத்தம் 0.9999999999999999 ஆகவும் அதற்கடுத்து 1.0999999999999999 ஆகவும் இருக்கும். சரியாக 1 என்பதைத் தொடாமலே தாண்டிப் போகும் அந்தச் சுற்றைக் கன்ட்ரோல் விசையோடு சி விசையையும் அழுத்தித்தான் நிறுத்த வேண்டும். காசுக் கணக்கைச் சதத்தில், முழு எண்களாகவே செய்துவிட்டு, அச்சிடும்போது மட்டும் நூறால் வகுத்து ரூபாயாகக் காட்டுவது இதற்கான பழைய, நம்பகமான வழி.

முழு எண்களுக்கு வந்ததும் அக்கா தன் பங்குக்கு ஒரு கணக்கைக் கொண்டுவந்தார். எங்கள் காணி உறுதிகளில் விஸ்தீரணம் பரப்பிலும் குழியிலும்தான் இருக்கும்: 18 குழி ஒரு பரப்பு, 16 பரப்பு ஓர் ஏக்கர். 3 பரப்பு 12 குழியையும் 2 பரப்பு 9 குழியையும் எந்தக் கணிப்பானில் கூட்டுவது? பரப்பைத் தனியாகவும் குழியைத் தனியாகவும் கூட்டினால் 5 பரப்பு 21 குழி. குழி 18 ஆகவோ அதற்குக் கூடவோ இருக்கும்வரை குழியில் 18 ஐக் கழித்துப் பரப்பில் ஒன்றைக் கூட்டு என்ற இரண்டு வரிச் சுற்று அதை 6 பரப்பு 3 குழி ஆக்கிவிடுகிறது. சாதாரணதரத்தில் மருமகள் படித்த பஸ்கால் மொழிக்குத் தன் பெயரைத் தந்த பிளேஸ் பஸ்கால், வரி அதிகாரியாக இருந்த தகப்பனாருக்காக 1642 இல் கூட்டல் இயந்திரமொன்றை உருவாக்கத் தொடங்கியபோது எதிர்கொண்டதும் இதே சிக்கல்தான். அன்றைய பிரெஞ்சு நாணயத்தில் 12 தெனியே ஒரு சோல், 20 சோல் ஒரு லீவர். காசுக் கணக்குக்கான அவருடைய இயந்திரங்களில் பத்துப் பற்கள் கொண்ட சக்கரங்களோடு பன்னிரண்டுக்கும் இருபதுக்கும் தனிச் சக்கரங்கள் இருந்தன. ஒரு சக்கரம் முழுச் சுற்று முடிக்கும்போது அடுத்ததை ஒரு படி தள்ளும். எங்கள் காணிக்கு 18 உம் 16 உம்.

கழித்தலில் குழி மறையாகும்போது பரப்பிலிருந்து கடன் வாங்க எதிர்ப்பக்கமாக ஒரு சுற்று வேண்டும். அதை அவள் உடனேயே எழுதிவிட்டாள். பங்கு பிரிப்பதுதான் கொஞ்சம் யோசிக்க வைத்தது. 6 பரப்பு 3 குழியை மூன்று பேருக்குப் பிரிக்கப் பரப்பையும் குழியையும் தனித்தனியே மூன்றால் வகுத்தால் 2 பரப்பு 1 குழி என்று சரியாகத்தான் வருகிறது, ஆனால் அது எண்கள் செய்த உபகாரம். நான்கு பேரென்றால் இரண்டுமே மீதி விடும். ஆகவே ரூபாயைச் சதமாக்கியதுபோல எல்லாவற்றையும் முதலில் குழியாக்கி, 111 குழியை வகுத்து, பிறகு திரும்பப் பரப்பாக்கும்படி மாற்றினாள். நான்கு பேருக்கு ஆளுக்கு 27 குழி, அதாவது 1 பரப்பு 9 குழி. மீதி 3 குழி. மீதி பூச்சியமாக இல்லாதபோது மட்டும் அதைத் தனி வரியில் அச்சிடும்படி கடைசியாக ஓர் இஃப் சேர்த்தாள்.